முன் சீட்டு

எங்கள் படத்தில் மொத்தம் மூன்று நடிகர்கள்: நான், அபிநயா, ஒரு வெள்ளை இண்டிகா கார். மூன்று பேரில் ஒழுங்காக நடித்தது கார் மட்டும்தான் என்று ரஞ்சித்குமார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன்தான் டைரக்டர். பெரம்பலூரில் நாங்கள் படிக்கிற காலேஜில் அவனுக்கு ஐந்து அரியர். ஆனால் ரோட்டில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே அது என்ன மாடல், எங்கே பழுது என்று சொல்லிவிடுவான். அவனுக்குக் கற்பூர வாசனை தெரியாது, டீசல் வாசனை தெரியும்.

கதையும் அவனுடையதுதான். காலேஜ் பையன் ஒருவன் ஒரு பெண்ணை அசத்துவதற்காக ஓட்டைக் கார் ஒன்றைக் கொண்டுவருகிறான். காதலைச் சொல்ல அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் கார் நின்றுபோகும். கடைசியில் அந்தப் பெண்ணுக்குக் காரைப் பிடித்துவிடும், பையனைப் பிடிக்காது. பன்னிரண்டு நிமிஷப் படம், யூடியூபில் போடுவதற்கு.

அபிநயா கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்கு சரத்து நடிக்கவே வேணாம். சும்மா வந்து நின்னா போதும்" என்றாள். எனக்கு அவளைப் பிடிக்கும் என்பது கேண்டீன் மாஸ்டர் வரைக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே என்னைக் கலாய்ப்பாள். அதற்காகவே நான் தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்துக் காலேஜுக்குப் போனேன்.

காருக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, எங்கள் வீட்டில் ஒன்று கிடக்கிறது என்று வாயை விட்டவன் நான்தான். எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் ரோட்டோரத்து வேப்பமரமெல்லாம் வெளுத்து நிற்கும் ஊர். அங்கே எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில், பதினோரு வருஷமாக அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. அப்பா அதை ஓட்டவும் இல்லை, விற்கவும் இல்லை. அம்மா அந்தப் பக்கம் துணி காயப்போடக்கூடப் போகமாட்டாள்.

அப்பாவிடம் கேட்டேன். சாமிதுரை என்றால் ஊரில் குரல் உயர்த்தாத மனிதர் என்று பெயர். பருத்திக் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் தார்ப்பாயையே பார்த்தார்.

"ஓடுதான்னு பாரு. ஓடுனா யாருக்காவது தள்ளி வுட்ரலாம்" என்றார்.

உள்ளே அம்மா அதைக் கேட்டாள். அன்றைக்கு மத்தியானம் குழம்பில் உப்பு இல்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். நாங்கள் மூன்று நாள் ஊதினோம். டேங்கைக் கழுவி, புது பேட்டரி போட்டு, சீட்டுக்குள் குடித்தனம் நடத்திய எலியைக் காலி செய்யவைத்து, நாலு டயரையும் மாற்றினோம். மூன்றாம் நாள் சாயங்காலம் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்தபோது ரஞ்சித் கொட்டகையில் நின்று ஒரு ஆட்டம் போட்டான். பசுமாடு மிரண்டுபோய் கயிற்றை இழுத்தது. நான் சிரித்தேன்.

மறுநாள் காலையில் தனியாக ஓட்டிக்கொண்டு பெரம்பலூர் போனேன். லைசன்ஸ் எடுத்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. மக்காச்சோளக் காட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இடது பக்கத்துப் பின்கதவு. டக். கொஞ்சம் விட்டு, டக் டக். உள்ளேயிருந்து யாரோ கதவின் கைப்பிடியை இழுத்து இழுத்து விடுகிற மாதிரி. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். பின் சீட்டில் தண்ணீர் பாட்டிலும் என் காலேஜ் பையும்தான் இருந்தன.

"கேபிள் லூசா இருக்கும்டா. பதினோரு வருசம் நின்ன வண்டி, முனகத்தான் செய்யும்" என்றான் ரஞ்சித்.

நான் தலையாட்டினேன். ஆனால் எனக்கு அந்தச் சத்தம் தெரியும். எட்டு வயதிலிருந்து தெரியும்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். கவிதா. அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது வேன் ஓட்டுகிற வீரமணியை விரும்பினாள். வீரமணி காலனிக்காரர். எங்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு நாள் காலையில் அக்கா ஒரு பையில் துணிகளை எடுத்து வைப்பதை நான் பார்த்துவிட்டேன். அவள் என் வாயைப் பொத்தி, "அரியலூர் ஸ்டேஷன்ல ரயில் ஏறப்போறேன்டா. மெட்ராஸ் போயி உனக்கு ரிமோட் கார் வாங்கி அனுப்புறேன். யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். சரி என்றேன்.

அந்த வாரம்தான் அப்பா இந்த இண்டிகாவை வாங்கியிருந்தார். முன் சீட்டில் யார் உட்காருவது என்று எனக்கும் அக்காவுக்கும் தினமும் சண்டை நடக்கும். அவள் பெரியவள், அவள்தான் ஜெயிப்பாள். அன்றைக்கு அவளைக் காணோம் என்று வீடே அல்லாடியபோது அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா எங்கன்னு உனக்குத் தெரியுமாடா தங்கம்? வா, நாம கார்ல போயி கூட்டியாருவோம். நீ முன்னாடி உக்காந்துக்க" என்றார். நான் சொல்லிவிட்டேன். அடிக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ஒரு முன் சீட்டுக்காகச் சொன்னேன்.

ஸ்டேஷனில் வீரமணியை எங்கள் பங்காளிகள் நாலு பேர் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள். அக்காவைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்தார். நான் முன்னால், அப்பா பக்கத்தில். வீடு வரும் முன்பே அப்பா என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அக்கா இல்லை. பருத்திக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த மருந்து. ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னோம். ஊரும் மஞ்சள் காமாலை என்று கேட்டுக்கொண்டது.

எங்கள் பக்கத்தில், வாழ வேண்டிய வயதில் போய்விட்ட பெண்ணை வீட்டுச் சாமியாகக் கும்பிடுவார்கள். பூவாடைக்காரி என்று பெயர். வருஷா வருஷம் ஆடி வெள்ளியில் கிணற்றடியிலிருந்து அவளை அழைத்துவந்து புதுப் புடவை, வளையல் வைத்துப் படைப்போம். உடுக்கை அடிக்க அடிக்க அம்மாவின் மேல் அக்கா வருவாள். வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"யாரு என்னைக் காட்டிக் குடுத்தது?"

சாமி கேட்டால் வீட்டு ஆண் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் சாமி மலையேறாது. முதல் வருஷம் அப்பா கையைக் கூப்பிக்கொண்டு, "குஞ்சம்மா சொல்லித்தான் தெரிஞ்சிது தாயே" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் அதே கேள்வி, அதே பதில்.

குஞ்சம்மாள் எதிர்வீட்டுக்காரர், தையல்காரர், அம்மாவுக்கு உயிர்த் தோழி. அக்கா பாதி நாள் அவருடைய மிஷின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். அதனால் அவர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் நம்பினார்கள். சாமியிடமே சொன்ன பதில் பொய்யாகவா இருக்கும்? அம்மா அவரோடு பேச்சை நிறுத்தினாள். எங்கள் பங்காளி வீடுகளில் யாரும் அவரிடம் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதில்லை, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதில்லை. அவர் அரியலூருக்கு பஸ் ஏறிப் போய் நைட்டி தைக்கிற வேலை எடுத்து வந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் பண்ணியவன் அவருடைய எதிர்வீட்டில் டியூஷன் படித்து, காலேஜ் சேர்ந்து, மீசை வளர்த்துக்கொண்டிருந்தான். இந்த வருஷம் எனக்கும் பத்தொன்பது.

படப்பிடிப்பு எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோட்டில். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு, நடுவில் காலியான ரோடு. ரஞ்சித் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அலட்டிக்கொண்டிருந்தான். முதல் இரண்டு நாள் நன்றாகவே போயிற்று. காரைத் தள்ளுகிற காட்சியில் என் செருப்பு அறுந்தது, அதைப் படத்திலேயே வைத்துக்கொண்டோம். ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடியது, அது எங்கள் ஏற்பாடு இல்லை, காரே போட்ட வசனம். அபிநயா சிரித்துச் சிரித்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா ராசாங்கம் பெரம்பலூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். அவள் எந்த ஊர், எந்தத் தெரு என்று எங்கள் வீட்டில் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள்தான் அந்தக் காட்சி. பெண் பின் சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பையன் ஓட்டிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துக் காதலைச் சொல்கிறான். கார் நின்றுபோகிறது. "உங்கிட்ட லிஃப்டு கேட்டதே நடந்துபோறதுக்குப் பதிலாத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்து இறங்கி நடக்கிறாள். அதுவரை பின் சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை, சாமான்தான் இருந்தது. அபிநயாவை ஏற்றிக் கதவைச் சாத்தினான் ரஞ்சித். கேமரா ஸ்டாண்டை இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் இறுக்கி வைத்தான்.

நான் வசனத்தைச் சொன்னேன். கார் நின்றது. அபிநயா தன் வசனத்தைச் சொல்லிவிட்டுக் கைப்பிடியை இழுத்தாள். டக். திறக்கவில்லை. மறுபடியும் இழுத்தாள். டக். வெளியே நின்ற ரஞ்சித்துக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர், சூப்பர், அப்படியே போராடு!" என்று கத்தினான்.

"இல்லடா, நெசமாவே தொறக்கல" என்றாள் அவள். அந்தப் பக்கத்துக் கதவுக்கு நகர்ந்து இழுத்தாள். அதுவும் திறக்கவில்லை. கண்ணாடியை இறக்குகிற பிடிகளை, எலி குடிவருவதற்கு முன்பே யாரோ கழற்றியிருந்தார்கள். ஆனி மாசத்து வெயில். ஒரு நிமிஷத்தில் அவள் முகம் வேர்த்து ஊற்றியது. "சரத்து, கதவத் தொறடா. மூச்சு முட்டுது. சரத்து!"

நான் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஸ்டீயரிங்கில் இருந்தது. இறங்க வேண்டும், சுற்றிப் போக வேண்டும், வெளியிலிருந்து திறக்க வேண்டும். எல்லாம் தெரிந்தது. கால் மட்டும் வரவில்லை. அவள் உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்தாள். அதற்குப் பிறகுதான் ரஞ்சித்துக்குச் சுருக்கென்று பட்டது. ஓடிவந்து கதவைத் திறந்தான்.

அவள் இறங்கிக் கரும்பு வரப்பில் போய் நின்று மூச்சு வாங்கினாள். நான் ஒருவழியாக இறங்கி வந்ததும் ரஞ்சித் கதவின் ஓரத்தில் இருந்த சின்ன நெம்புகோலைக் காட்டினான். "சைல்டு லாக்டா. ரெண்டு கதவுலயும் போட்டிருக்கு. உள்ளேர்ந்து எவ்வளவு இழுத்தாலும் வராது, வெளியிலேர்ந்துதான் தொறக்கணும். சின்ன வயசுல நீ கதவத் தொறந்துட்டுக் குதிச்சிருவேன்னு உங்கப்பா போட்டிருப்பாரு."

"எனக்கு இல்ல. நான் முன்னாடி உக்காந்திருந்தேன்" என்றேன்.

அபிநயா என் முன்னால் வந்து நின்றாள். எனக்கு அறை விழும் என்று நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அவனுக்குத் தெரியாது, ஷூட்டிங்னு நெனச்சான். நீ கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு இருந்தல்ல? நீ ஏன்டா தொறக்கல?"

அவள் ரஞ்சித்தின் பைக்கில் ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலேஜ் லேபில் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தோம். அபிநயாவும் வந்தாள், என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தாள். திரையில் அவள் கைப்பிடியை இழுக்கிறாள், கண்ணாடியைத் தட்டுகிறாள், ரஞ்சித் வந்து திறக்கிறான், அவள் இறங்கிப் போகிறாள். கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்த கதவுக்கு வெளியே அவள் அழுதுகொண்டே என்னைக் கேட்கிறாள். "நீ ஏன்டா தொறக்கல?" பின் சீட்டு காலியாக இருக்கிறது.

டக். டக் டக். டக்.

"நான்தான் கீழ நிக்கிறேனே. யாரு இழுக்கறது?" என்றாள் அபிநயா.

ரஞ்சித் சத்தத்தைக் கூட்டினான், குறைத்தான், ஹெட்போனை மாட்டினான். வண்டிச் சத்தம் பற்றி எல்லாம் தெரிந்தவன், "சூட்டுல இரும்பு விரியும்" என்று ஆரம்பித்து பாதியில் நிறுத்திக்கொண்டான். திரையில் அந்தச் சத்தம் காட்சி முடிகிற வரைக்கும் வந்துகொண்டே இருந்தது.

அன்றைக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்று அபிநயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏறக்குறைய எல்லாவற்றையும். அக்கா, வீரமணி, முன் சீட்டு, ஆடி வெள்ளி, குஞ்சம்மாள். எங்கள் ஊர் பஸ் இரண்டு போய்விட்டது. வீரமணி பெயர் வந்தபோது மட்டும் அவள் முகம் இறுகியது.

"அந்தத் தையக்காரம்மா இன்னும் உங்க எதுத்த வூட்லதான் இருக்காங்களா?"

"ம்."

"தெனமும் அவங்களப் பாத்துக்கிட்டேதான் காலேஜுக்கு வர்றியா?"

"ம்."

"அப்ப செத்தவங்களப் பத்திப் பேசி என்னடா ஆவப்போவுது. இருக்கறவங்களுக்கு மொதல்ல பதில் சொல்லு." பையை மாட்டிக்கொண்டாள். "சொல்லிட்டு வந்து எங்கிட்ட பேசு. சொல்லாம வராத."

அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அமைதியாகச் சொன்னாள். ஆடி முதல் வெள்ளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளும் கொட்டகையில் நின்ற காரிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பகலில், பால் கறக்கும்போது, நான் சோற்றில் கை வைக்கும்போது. அம்மாவுக்குக் கேட்கிறதா என்று அவள் முகத்தையே பார்ப்பேன். "என்னடா அப்படிப் பாக்கற?" என்பாள். எனக்குப் பயமாக இருந்தது. அக்காவுக்குப் பயப்படவில்லை. அம்மா ஒரு நாள் குஞ்சம்மாளைப் பார்த்த பார்வையால் என்னைப் பார்ப்பாள் என்பதுதான் பயம்.

ஆடி வெள்ளி வந்தது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கிணற்றடிக்குப் போனோம். அரக்கு நிறப் புடவை, கண்ணாடி வளையல், அக்காவுக்குப் பிடித்த கேசரி. செம்பில் பூச்சுற்றி அம்மா தலையில் வைத்தார்கள். மதுரைவீரன் என்ற உடுக்கைக்காரர்தான் எல்லா வருஷமும் வருவார். அவர் அழைக்கிற பாட்டில் எதிரில் நிற்கிறவனுக்கே உடம்பு நடுங்கும். செம்பு ஆடத் தொடங்கியது. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அம்மாவின் முடி அவிழ்ந்துவிட்டது. சித்தப்பா செம்பை இறக்கி வைத்தார். அம்மாவின் குரல் மாறியது, பத்தொன்பது வயதுக் குரல்.

"யாரு? யாரு என்னைக் காட்டிக் குடுத்தது?"

எதிர்வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஒவ்வொரு வருஷமும் அந்தக் கேள்விக்கு அது நிற்கும். தன் பெயர் சொல்லப்படுவதை அந்த அம்மாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு, மறுபடியும் தைக்கத் தொடங்குவார். பத்து ஆடி அப்படிக் கேட்டிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்பா கையைக் கூப்பினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன்.

"நான்தான்க்கா."

உடுக்கை நின்றது.

"நான்தான் சொன்னேன். முன் சீட்டுல உக்காரலாம்னு அப்பா சொன்னாரு. நான் சொல்லிட்டேன். குஞ்சம்மா அத்தை சொல்லல. அவங்களுக்கு எதுவுமே தெரியாது."

"சின்னப் பய, சாமி முன்னால ஒளறாத. வாய மூடு" என்று அப்பா கத்தினார். குரல் உயர்த்தாத மனிதர் கத்தியதில் கூடியிருந்தவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். அது கோபம் இல்லை, பயம். என் பெயர் வந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமும் வேறு ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றத்தான். அதற்காக அவரை மன்னிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை.

அம்மாவின் ஆட்டம் நின்றுவிட்டது. யாரும் கற்பூரம் காட்டவில்லை, சாமி தானாகவே போய்விட்டது. அவள் தரையில் உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, என்னைப் பார்த்தாள். அது அம்மாவின் பார்வைதான். நான் பயந்த பார்வை அதில் இல்லை. ஏதோ ஒரு பசி இருந்தது.

"நீயும் கார்ல இருந்தியாடா?"

"இருந்தேன்மா."

"வூட்டுக்கு வந்து மூணு நாளு. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல அவ. உங்கப்பனக் கேட்டா ஒண்ணும் பேசலங்கறாரு. கார்ல என்னடா சொன்னா எம்பொண்ணு?"

அதைத்தான் நான் அபிநயாவிடம்கூடச் சொல்லவில்லை.

"வழியில ரயில்வே கேட்டு போட்டிருந்தாங்கம்மா. அப்பாவும் சித்தப்பாவும் கீழ எறங்கி முன்னாடி போயி நின்னாங்க. அக்காவும் நானும் மட்டும்தான் வண்டியில. அக்கா கதவ இழுத்து இழுத்துப் பாத்துச்சி. வரல. அப்பறம் எங்கிட்ட மெதுவா கேட்டுச்சி. 'சரத்து, கீழ எறங்கி வெளியிலேர்ந்து இந்தக் கதவத் தொறந்து வுடுடா. நான் ஓடிருவேன். அவரு ஸ்டேஷன்லதான் இருப்பாரு'ன்னுச்சி."

"நீ?"

"எறங்கினா பின்னாடிதான் உக்காரணும்னு அப்பா சொல்லியிருந்தாரும்மா. ரயிலு பூரா போற வரைக்கும் அக்கா கெஞ்சிக்கிட்டே இருந்துச்சி. நான் எறங்கல."

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பாவைக் காணோம். அம்மா நான் சொன்னதை உதட்டை அசைத்து ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். 'நான் ஓடிருவேன்.' மகளின் கடைசி வார்த்தை அவளுக்குப் பதினோரு வருஷம் கழித்துக் கிடைத்திருக்கிறது. என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் என் தோளைப் பிடித்து எழுந்தாள். முடியை முடிந்துகொண்டாள். நெற்றியிலிருந்த குங்குமம் வேர்வையில் வழிந்து மூக்கு வரைக்கும் வந்திருந்தது, அதைத் துடைக்கவில்லை. என் கையை விடாமல் தெருவைக் கடந்தாள்.

குஞ்சம்மாள் மிஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஊசிக்குக் கீழே பாதி தைத்த நைட்டி. இவ்வளவு பக்கத்தில் அவரைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கண்ணாடி போட்டிருந்தார், முடி முழுக்க நரைத்திருந்தது.

"குஞ்சு, நீ சொல்லலையாமே" என்றாள் அம்மா.

"சொல்லலன்னு அன்னைக்கே சொன்னேன். நீதான் காதுல வாங்கல."

அம்மா காலில் விழப்போனாள். குஞ்சம்மாள் எட்டி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "வேணாம் மலரு. என்னைப் பெரிய மனுசி ஆக்கிடாத. நானும் யோசிச்சிக்கிட்டேதான் இருக்கேன் இத்தினி வருசமா. அன்னைக்கு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? உங்கிட்டதான் மொதல்ல ஓடியாந்திருப்பேன். உம்பொண்ணு இப்பிடிப் போறாடின்னு. நல்லது பண்றதா நெனச்சிக்கிட்டு." என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "எட்டு வயசுப் புள்ள முன் சீட்டுக்காவச் சொல்லியிருக்கு. நாங்க எதுக்காவச் சொல்லியிருப்போம்? இந்தத் தெருவுல எந்தக் கதவத் தட்டியிருந்தாலும் அவளக் காட்டித்தான் குடுத்திருப்போம்."

எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அக்காவுக்கு அன்றைக்கு என்னை விட்டால் வேறு யாருமே இருந்திருக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

அம்மா உடனே இல்லை என்று சொல்வாள், நான் பெற்றவள், நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன் என்று சொல்வாள் என நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சம்மாளும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ ஸ்டேஷன்ல இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா," என்றாள் அம்மா, "நானும்தான் சொல்லியிருப்பேன்."

அதை அவள் சாமி வராமல், தன் சொந்தக் குரலில் சொன்னாள்.